வேற்றுமை அறிந்தவர்க்கு ஜெர்மன் வேற்றுமொழியா?

தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள் வேற்றுமை உருபுகளை எளிதில் மறக்க மாட்டார்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வரிசையாக ஒப்புவித்து, வாக்கியத்தில் அவற்றின் கீழ்க் கோடிட்டு, மதிப்பெண்ணும் பெற்றவர்கள் நாம். ஆனால், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம்முள் ஒரு கேள்வி எழுகிறது: இதையெல்லாம் படித்து என்ன பயன்? அங்கே மலாய்மொழியும் ஆங்கிலமும் முன்னே நிற்க, தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளுக்குள் ஒதுங்கிவிடுகிறது. “தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதால்தான் பிள்ளை பின்தங்கிவிட்டான்” என்று கூறும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

இக்கேள்விக்கு மொழிப்பற்றைக் கொண்டு விடை கூறுவது எளிது. இக்கட்டுரை வேறொரு வழியில் விடை தேடுகிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஜெர்மன் மொழியை விருப்பப் பாடமாகப் பயிலலாம். அதன் தொடக்கநிலை வகுப்பில் மாணவர்கள் திணறும் இடங்கள் எவை, அவ்விடங்களில் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு மட்டும் கிடைக்கும் துணை எது என்பதை விளக்குவதே இதன் நோக்கம். ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். ஒலிப்பு ஓரளவே பொருந்தும் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்க.

ஆங்கிலம் தெரிந்தால் போதாதா?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், லக்சம்பர்க், பெல்ஜியம் ஆகிய ஆறு நாடுகளில் ஜெர்மன் ஆட்சிமொழியாகவோ ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவோ விளங்குகிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, சொற்களில் ஒற்றுமை மிகுதி. வீட்டுக்கு இரு மொழியிலும் ‘ஹவுஸ்’. விரலுக்கு இரண்டிலும் ‘ஃபிங்கர்’. எனவே, ஆங்கிலம் தெரிந்தால் ஜெர்மன் எளிது என்று பலர் எண்ணுகின்றனர்.

சொற்களைப் பொறுத்தவரை இது உண்மை. இலக்கணத்தில் நிலைமை வேறு. ஆங்கிலம் காலப்போக்கில் தன் வேற்றுமை உருபுகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டது. ஜெர்மன் அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. மலாய்மொழியிலோ பெயர்ச்சொல் வேற்றுமைக்காகத் திரிவதில்லை. ஆக, இவ்விரண்டு மொழிகளில் மட்டும் சிந்தித்துப் பழகியவர்களுக்கு வேற்றுமை என்பதே ஒரு புதிய கருத்தாகிறது. நமக்கோ அது தொடக்கப்பள்ளிப் பாடம்.

குறிலும் நெடிலும்

முதலில் எழுத்தொலி. ஜெர்மனில் உயிரொலியைக் குறுக்குவதும் நீட்டுவதும் பொருளையே மாற்றிவிடும். ‘ஷ்டட்’ என்றால் நகரம். ‘ஷ்டாட்’ என்றால் அரசு. ‘பெட்’ என்றால் கட்டில். ‘பேட்’ என்றால் தோட்டப் பாத்தி. ‘ஒஃபன்’ என்றால் திறந்த. ‘ஓஃபன்’ என்றால் அடுப்பு.

நமக்கு இதில் வியப்பில்லை. படம் வேறு, பாடம் வேறு. கொடு வேறு, கோடு வேறு என்பதை முதலாம் ஆண்டிலேயே கற்றுவிட்டோம். குறிப்பாக, எ–ஏ, ஒ–ஓ எனும் வேறுபாடு தமிழ் நெடுங்கணக்கிலேயே தனித்தனி எழுத்துகளாக அமைந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கேட்கப் பழகிய காது ஜெர்மன் கற்பவனுக்குப் பெரிய முதலீடு.

உருபு முன்னே வந்தால்

இனி வேற்றுமைக்கு வருவோம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள் உள்ளன. அவற்றை நமக்குத் தெரிந்த பெயர்களால் இவ்வாறு கூறலாம்:

நோமினாட்டிவ் – எழுவாய் வேற்றுமை
அக்குசாட்டிவ் – இரண்டாம் வேற்றுமை (ஐ)
டாட்டிவ் – நான்காம் வேற்றுமை (கு)
கெனிட்டிவ் – ஆறாம் வேற்றுமை (அது, உடைய)

தமிழில் உருபு பெயர்ச்சொல்லின் இறுதியில் சேரும். ஜெர்மனில் பெயர்ச்சொல் பெரும்பாலும் மாறாமல் நிற்க, அதற்கு முன்னே வரும் சுட்டுச்சொல் மாறும். இதுதான் தலையாய வேறுபாடு. ஆண்பால் பெயருக்கு முன்வரும் ‘டேர்’ எனும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுவாயாக இருந்தால் ‘டேர்’; ஐ உருபின் பொருளுக்கு ‘டேன்’; கு உருபின் பொருளுக்கு ‘டேம்’; உடைய எனும் பொருளுக்கு ‘டெஸ்’.

டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன். – நாய் மனிதனைக் கடிக்கிறது.
டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட். – மனிதனை நாய் கடிக்கிறது.

சொற்கள் இடம் மாறியும் பொருள் மாறவில்லை. காரணம், ‘டேன்’ எனும் சொல் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. மலாய்மொழியில் ‘குச்சிங் மெங்கெஜார் அஞ்சிங்’ என்றால் பூனை நாயைத் துரத்துகிறது. சொற்களை இடம் மாற்றினால் துரத்துவது நாயாகிவிடும். மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் செய்பவர் யார், செய்யப்படுவது எது என்பதைச் சொல்லின் இடம் காட்டுகிறது. தமிழிலும் ஜெர்மனிலும் அதை உருபு காட்டுகிறது.

பெண்பாலிலும் நடுப்பாலிலும் எழுவாய்க்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் ஒரே வடிவம்தான்: பெண்பாலுக்கு ‘டீ’, நடுப்பாலுக்கு ‘டாஸ்’. வேற்றுமை இருக்கிறது, வடிவில் தெரிவதில்லை. ‘பால் குடித்தான்’ என்பதில் ஐ உருபு மறைந்திருப்பதை இரண்டாம் வேற்றுமைத்தொகை என்று படித்தோமல்லவா? அதை நினைவில் கொண்டால் இதுவும் மனத்தில் பதியும். நான்காம் வேற்றுமையில் நடுப்பால் ‘டேம்’ என்றும் பெண்பால் ‘டேர்’ என்றும் மாறும். ஆண்பால் எழுவாயின் ‘டேர்’ வேறு, பெண்பால் நான்காம் வேற்றுமையின் ‘டேர்’ வேறு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்வது நல்லது.

‘இஹ் கேபெ டேம் கிண்ட் டாஸ் பூஹ்’ என்பது முழுமையான ஒரு வாக்கியம். இஹ் – நான். கேபெ – கொடுக்கிறேன். டேம் கிண்ட் – குழந்தைக்கு. டாஸ் பூஹ் – நூலை. எழுவாய், ஐ, கு ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன.

‘எனக்கு’ எனும் சாவி

தமிழ் மாணவனுக்கு ஜெர்மன் மிக நெருக்கமாக வரும் இடம் இதுதான். குளிர் அடிக்கும்போது ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்குகிறார்கள். தமிழில் ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம். ஜெர்மனில்? ‘மியர் இஸ்ட் கல்ட்’. மியர் என்றால் எனக்கு. ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘இஹ் பின் கல்ட்’ என்று கூறினால், ‘நான் அன்பற்றவன்’ என்பது போன்ற பொருளைத் தந்துவிடும்.

மேலும் சில காண்க:

டேர் ஃபில்ம் கெஃபெல்ட் மியர். – அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது.
மியர் டூட் டேர் கோப்ஃப் வே. – எனக்குத் தலை வலிக்கிறது.
இஹ் ஹெல்ஃபெ டேம் கிண்ட். – நான் குழந்தைக்கு உதவுகிறேன்.

உதவுதல் எனும் வினை இரண்டாம் வேற்றுமையை ஏற்காமல் நான்காம் வேற்றுமையை ஏற்கும் என்பதை ஜெர்மன் பாடநூல்கள் தனிப்பட்டியலில் தருகின்றன. மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். தமிழனுக்கு மனனம் தேவையில்லை. குழந்தையை உதவுகிறேன் என்று நாம் கூறுவதே இல்லையே!

ஆனால், எல்லா வினைகளும் இவ்வாறு பொருந்திவிடுவதில்லை. தமிழில் ‘உன்னை நம்புகிறேன்’ என்கிறோம். ஜெர்மனில் ‘உனக்கு’ என்று நான்காம் வேற்றுமை வரும். தமிழில் ‘ஆசிரியரிடம் கேட்கிறேன்’. ஜெர்மனில் ‘ஆசிரியரை’ என்று இரண்டாம் வேற்றுமை. எனவே, ஒவ்வொரு வினையையும் அது ஏற்கும் வேற்றுமையோடு சேர்த்தே கற்க வேண்டும்.

எட்டு எவ்வாறு நான்கில் அடங்கும்?

தமிழில் எட்டு வேற்றுமைகள், ஜெர்மனில் நான்கு. மீதி எங்கே போயின? விளி வேற்றுமைக்குத் தனி வடிவம் இல்லை. எழுவாய் வடிவமே போதும். ஆல், ஓடு, இலிருந்து, இல் போன்ற உருபுகளின் பொருளைத் தருவதற்குப் பெயருக்கு முன்னே தனி இடைச்சொற்கள் வருகின்றன. ‘மிட்’ என்றால் ஓடு அல்லது கொண்டு. ‘அவுஸ்’, ‘ஃபொன்’ என்றால் இலிருந்து. இம்மூன்றையும் அடுத்து எப்போதும் டாட்டிவ் வரும். அதாவது, நம் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைப் பொருள்கள் பெரும்பாலும் டாட்டிவின் வீட்டில் குடியேறியிருக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘இன்’ எனும் இடைச்சொல் இரு வேற்றுமைகளையும் ஏற்கும். பள்ளியில் இருக்கிறேன் என்றால் ‘இன் டேர் ஷூலெ’, இது டாட்டிவ். பள்ளிக்குப் போகிறேன் என்றால் ‘இன் டீ ஷூலெ’, இது அக்குசாட்டிவ். தமிழில் ‘பள்ளிக்கு’ என்று கு வருவதால் டாட்டிவ் என்று முடிவு செய்துவிடக்கூடாது. இடம்பெயர்ந்து செல்லும் இலக்குக்கு அக்குசாட்டிவ், நிலைத்திருக்கும் இடத்திற்கு டாட்டிவ் என்பது விதி. செல்வதையும் இருப்பதையும் இரு வேற்றுமைகளால் பிரிக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், விதியின் நியாயம் உடனே விளங்கும். எந்த வேற்றுமை என்பதை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

வினை எங்கே நிற்கும்?

தமிழ் வினை யார் செய்கிறார் என்பதைத் தன் விகுதியிலேயே காட்டிவிடும்: கற்கிறேன், கற்கிறாய், கற்கிறான், கற்கிறோம். ஜெர்மனும் அவ்வாறே: இஹ் லெர்னெ, டூ லெர்ன்ஸ்ட், ஏர் லெர்ன்ட், வியர் லெர்னன். மலாய்மொழியில் எல்லாருக்கும் ‘பெலாஜார்’ ஒன்றே. ஆனால், தமிழில் ‘நான்’ என்பதை விட்டுவிட்டும் பேசலாம். ஜெர்மனில் அதை விட முடியாது. நீ, நீங்கள் எனும் மரியாதை வேறுபாடும் அங்கு உண்டு. நண்பனுக்கு ‘டூ’, பெரியவர்க்கும் அறிமுகமில்லாதவர்க்கும் ‘ஸீ’.

முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். இது தமிழுக்குப் புறம்பானது. எனினும், வினை இரண்டாகப் பிரியும்போது ஒரு பாதி வாக்கிய இறுதிக்கு ஓடிவிடுகிறது. ‘இஹ் வில் ஹொய்டெ டொய்ச் லெர்னன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால்: நான் – விரும்புகிறேன் – இன்று – ஜெர்மன் – கற்க. ‘விரும்புகிறேன்’ என்பதை நீக்கிவிட்டால் எஞ்சுவது தமிழ் வாக்கிய அமைப்பே. ‘ஏனெனில்’ எனும் பொருள்தரும் ‘வைல்’ வந்துவிட்டால் முழு வினையும் கடைசிக்குப் போய்விடும்: ‘வைல் இஹ் க்ராங்க் பின்’ – ஏனெனில் நான் நோயுற்று இருக்கிறேன். வினைக்காக இறுதிவரை காத்திருப்பது பிறருக்குப் பொறுமைச் சோதனை. நாமோ பிறந்தது முதல் அவ்வாறுதான் கேட்டு வருகிறோம்.

தமிழ் கைகொடுக்காத இடம்

பால் பாகுபாட்டில் தமிழ் நமக்கு உதவாது. உயர்திணை, அஃறிணை என்று நாம் பொருளைப் பார்த்துப் பிரிக்கிறோம். ஜெர்மன் அப்படியன்று. கரண்டி ஆண்பால் (டேர் லெஃபல்), முட்கரண்டி பெண்பால் (டீ காபல்), கத்தி நடுப்பால் (டாஸ் மெஸ்ஸர்). ஒரே மேசையில் மூன்று பால்கள்! சிறுமியைக் குறிக்கும் ‘மெட்ஹென்’ எனும் சொல்லும் நடுப்பாலே. ‘ஹென்’ எனும் சிறுமை விகுதி பெறும் சொற்கள் யாவும் நடுப்பாலாகிவிடுவதே அதற்குக் காரணம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இக்குழப்பத்தை நன்றாகவே நையாண்டி செய்துள்ளார்.

சில விகுதிகள் வழிகாட்டும். ‘ஊங்’, ‘ஹைட்’, ‘கைட்’ எனும் விகுதிகளில் முடியும் பெயர்கள் பெண்பால். கிழமை, மாதப் பெயர்கள் ஆண்பால். கூட்டுச்சொல்லின் பாலை அதன் கடைச்சொல் முடிவு செய்யும். ‘டீ ஹண்ட்’ (கை), ‘டேர் ஷூ’ (காலணி) இரண்டும் சேர்ந்தால் ‘டேர் ஹண்ட்ஷூ’, அதாவது கையுறை. மற்றவற்றைச் சுட்டுச்சொல்லோடு சேர்த்து மனனம் செய்வதே வழி. பால் தெரியாவிட்டால் டேனும் டேமும் தடுமாறும். நாம் மகிழ்ந்த வேற்றுமை அறிவும் வீணாகும்.

திரும்பிச் செல்லும் பாதை

இவ்விரு மொழிகளின் உறவு இன்று தொடங்கியதன்று. 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழைக் கற்று, அதன் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அந்நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகியது. கார்ல் கிரவுல் எனும் அறிஞரின் திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856இல் வெளிவந்தது. அவர்கள் அங்கிருந்து நம் வேற்றுமைகளைத் தேடி வந்தார்கள். அதே பாதையில் நாம் எதிர்த்திசையில் செல்ல என்ன தடை?

ஜெர்மன் வகுப்பில் சேரவிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் அமைத்து, பிறகு ஜெர்மனுக்கு மாற்றாதீர்கள். தமிழில் அமைத்து, உருபு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அதைப் பெயருக்கு முன்னே கொண்டு செல்லுங்கள். எல்லா இடத்திலும் இது சரிவராது. ஆயினும், தொடக்கநிலையில் பாதித் தடைகளையாவது இது விலக்கும்.

இன்று ஏதோவொரு தமிழ்ப்பள்ளியில் ஒரு தம்பியோ தங்கையோ ‘கு’ உருபின் கீழ்க் கோடிட்டுக்கொண்டிருக்கலாம். இதனால் என்ன பயன் என்று நம்மிடம் கேட்டால், அடுத்த மொழியைக் கற்கத் தேவையான கருவி அது என்று தயங்காமல் விடை கூறுவோம்.