மழலைக்கு மறுமொழி தேவை

குழந்தைகளின் வயிற்றுப் பசியைத் தீர்ப்பதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி மாணவர்களோடு பள்ளி வயதை எட்டாத மழலையரையும் அரவணைத்தது. ஆனால், குழந்தைக்கு இன்னொரு பசியும் உண்டு. தன்னோடு ஒருவர் பேச வேண்டும் என்னும் பசி அது.

இரண்டு வயதுக்குள் மனித மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களிடையே இணைப்புகள் மிக வேகமாக உருவாவதும் இக்காலத்தில்தான். அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை உதிர்கின்றன. குழந்தை 'ங்கா' என்கிறது. தாய் 'என்னடா கண்ணு?' என்கிறாள்; குழந்தை மீண்டும் ஒலியெழுப்புகிறது. இந்தச் சிறிய கொடுக்கல் வாங்கலே அந்த இணைப்புகளுக்கு உரம். கைப்பேசித் திரை ஓயாமல் பேசினாலும், குழந்தையின் முகம் பார்த்து மறுமொழி சொல்வதில்லை.

இதற்குப் பொருளாதாரப் பலன் உண்டா? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், நான் முதலில் சுட்டுவது ஜமைக்கா ஆய்வை. தலைநகர் கிங்ஸ்டனில் 1980-களின் பிற்பகுதியில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடையே அது நடத்தப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்கு வழிகாட்டினர். இரண்டே ஆண்டுகள்தான். இருபது ஆண்டுகள் கழித்து, நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் கணக்கிட்டபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக ஊதியம் ஈட்டுவது தெரியவந்தது.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலறிஞர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒரு பகுதியில் மழலைக் கல்விக்கென்றே பகுதிநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; மொழித் திறனும் கணக்குத் திறனும் உயர்ந்தன. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால், வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. ஒருவரே எடைபோட்டு, உணவளித்து, பதிவேடும் எழுதி, பாட்டும் சொல்லித்தர வேண்டும் என்றால், முதலில் கைவிடப்படுவது பாட்டுதான்.

நான் வசிக்கும் பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கட்டடங்கள் எழுந்தவண்ணம் உள்ளன. கட்டட வேலை செய்யும் தாய்மார்களின் கைக்குழந்தைகள், மணற்குவியலின் அருகே ஆறேழு வயது அக்காளின் பொறுப்பில் இருப்பதைக் காண்கிறேன். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் கட்டுமான இடங்களில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பெண்கள் வேலைசெய்யும் இடத்துக் குழந்தைக்கு அச்சட்டம் அந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. அருகிலுள்ள அடுக்ககங்களிலோ, கைப்பேசியைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டப்படுகிறது. இரண்டு இடங்களிலும் குறைவது, முகம் பார்த்துப் பேசும் பெரியவரின் நேரம்.

பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென மத்திய அரசு 2024-இல் 'நவசேத்தனா' என்னும் வழிகாட்டுநெறியை வெளியிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அதைச் செயல்படுத்த ஆள் வேண்டும். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் மழலைக் கல்விக்கெனத் தனிப் பணியாளரை அமர்த்துவதைத் தமிழ்நாடு அரசு செலவாகக் கருதாமல் முதலீடாகக் கருத வேண்டும். சிறு கட்டுமான இடங்கள் உள்ள பகுதிகளில், வேலை நேரம் முழுவதும் இயங்கும் பொதுக் குழந்தைகள் காப்பகங்களை உள்ளாட்சி அமைப்புகள் தொடங்கலாம்.

வீட்டிலோ, இதற்குத் தனிச் செலவோ நேரமோ தேவையில்லை. குளிப்பாட்டும்போதும், கீரை ஆயும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் பேசலாம். தாத்தா, பாட்டிகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. ஓய்வுபெற்ற என்னைப் போன்றோரிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை; அதை நம் வீட்டுக் குழந்தைக்கும் அண்டைவீட்டுக் குழந்தைக்கும் அளிப்போம்.