யாழ் ஏன் வளைந்தது, வீணை ஏன் நிமிர்ந்தது?

சென்ற மாதம் நமது ஞாயிறு நிகழ்ச்சியில் இசைக்கருவிகள் பற்றி நான் பேசியதைக் கேட்கத் தவறிய சிலர், அதை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சங்கீதம் படித்தவன் அல்லன். வர்த்தகப் பட்டதாரி, கணக்குப் பார்ப்பது தொழில். இந்த விடயத்தைத் தேடிப் படிக்க வைத்தது நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான்.

எங்கள் வீட்டில் என் மனைவியின் தஞ்சாவூர் வீணை ஒன்று இருக்கிறது. இப்போது மகள் அதில் பழகுகிறாள். பெப்ரவரி மாதத்து வெயிலில், வகுப்பு முடிந்து வரும் வழியில், வீணையைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரந்தான். திரும்பி வந்து பார்த்தால் மெழுகு இளகி, மெட்டுகள் நாலைந்து சரிந்து கிடந்தன. இங்கே ஒக்லாந்தில் வீணை செய்பவருக்கு எங்கே போவது? கிற்றார் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வீணையை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்பு மெழுகையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மெட்டுகளை மரத்திலேயே பதித்துத் தரட்டுமா? இனி எந்த வெயிலுக்கும் அசையாது" என்று கேட்டார். நல்ல யோசனை போலத்தான் எனக்குப் பட்டது. ஆனாலும் வீட்டுக்கு ஒரு வார்த்தை கேட்போம் என்று தொலைபேசியில் அழைத்தேன்.

"இஞ்சாருங்கோ, மெழுகில ஒருதரும் கைவைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!" என்று மனைவி போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, ஏன் மெழுகு என்று சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மெழுகுக்கு மட்டுமல்ல, குடம் ஏன், சுரைக்காய் ஏன், இவ்வளவு அகலமான தண்டி ஏன் என்று அவர் கேட்ட எதற்குமே தெரியவில்லை. முப்பது வருடம் வீட்டில் இருந்த பொருள்!

வில்லில் இருந்து தொடங்கிய கதை

ஒரு நரம்பைத் தனியே இழுத்துக் கட்டித் தட்டினால் ஓசை பெரிதாக வராது. நரம்பு மெல்லியது, அது அசைக்கும் காற்று கொஞ்சம். அந்த அசைவைப் பரப்புள்ள ஒன்றுக்குக் கடத்தினால்தான் நமக்குக் கேட்கும். நரம்பை இழுத்துப் பிடிக்க ஒரு சட்டம், ஓசையைப் பெருக்க ஒரு கூடு என்ற இரண்டும் எல்லா நரம்புக் கருவிகளுக்கும் வேண்டும். இந்நாட்டு மவோரி மக்களிடம் 'கூ' என்றொரு சிறு வில் இருந்தது. ஒற்றை நாண், அதைச் சிறு குச்சியால் தட்டுவார்கள். கூடாக இருந்தது வாசிப்பவரின் வாய்தான்.

நம்மவர்கள் வில்லோடு கூட்டையும் சேர்த்துக் கட்டினார்கள். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து வாசிக்கிறான். மாடு மேய்க்கும் இடத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி. பாணர்கள் கையில் இதுவே வளர்ந்து பேரியாழ் ஆயிற்று. பேரியாழுக்கு 21 நரம்புகளும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளும் என்று சிலப்பதிகார உரை வழியாக அறிகிறோம்.

சரி, வளைவு எதற்கு? யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரந்தான். நீண்ட நரம்பு தாழ்ந்த ஒலி தரும். குட்டை நரம்பு உயர்ந்த ஒலி தரும். வில்லின் நாணுக்கு உட்புறமாக இன்னொரு நாணைக் கட்டிப் பாருங்கள், அது முதல் நாணைவிடக் குட்டையாக இருக்கும். அடுத்தது அதைவிடக் குட்டை. வளைவு இருந்தால் நீளங்கள் தாமாகவே படிப்படியாக அமைந்துவிடும். அழகுக்காக வளைத்தது அல்ல என்பது இதனாற் புரியும்.

அந்த வளைந்த கோடு படமெடுத்த பாம்பு போல் நிமிர்ந்து நின்றது என்கிறது பொருநராற்றுப்படை. ஓசைக் கூட்டுக்குப் பத்தர் என்று பெயர். அதன்மேல் தோலைப் போர்த்தினார்கள். நரம்புகளைக் கோட்டோடு இறுக்கிய வார்க்கட்டுகள் திவவு எனப்பட்டன. அவை பெண்ணின் முன்கை வளையல்களுக்கு ஒப்பிடப்படுகின்றன. இதே அமைப்பை இன்றும் கண்ணாற் காண விரும்புவோர் பர்மாவின் 'சவுங்' என்ற கருவியைப் பார்க்கலாம். இயல்பாகவே வளைந்த மரவேரில் செய்த கோடு, மான்தோல் போர்த்திய படகு போன்ற கூடு, பழைய முறையில் நரம்புகளைக் கட்டிய சிவப்பு நூற்கயிறுகள். நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்த மன்னன் தன் பொற்காசில் மடியில் வைத்து வாசிப்பதும் இந்த வில் வடிவக் கருவியைத்தான்.

யாழ் எங்கே தோற்றது?

வளைவு தந்த வசதியிலேயே ஒரு குறையும் இருந்தது. கோட்டின் மேல்முனைக்கு முட்டுக் கிடையாது. ஒரு நரம்பை முறுக்கினால் கோடு சற்று உள்ளே வளையும். மற்ற நரம்புகள் தளரும். எனவே நரம்புகளை மிக இறுக்கிக் கட்ட முடியாது. தளர்ந்த நரம்பின் மெல்லிய அசைவையும் வாங்கிக்கொள்ள, மரப்பலகையைவிட இலேசான தோலே பொருத்தமாக இருந்தது. ஐரோப்பியர் தங்கள் யாழுக்கு முன்புறம் ஒரு தூண் கொடுத்து முக்கோணம் ஆக்கினார்கள். சட்டம் பலப்பட்டது, இறுக்கமும் ஓசையும் கூடின.

நமக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நம் இசையின் உயிர் கமகம். ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதும், சுரத்தை அசைப்பதும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று கட்டிய கருவியில் இதை முழுமையாகக் கொண்டுவர முடியாது. பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடல்களுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்து வந்தார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை. மனம் நொந்த பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வருமளவு வாசியுங்கள் என்றார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர் வந்தது. பக்திக் கதைதான். ஆனால் குரல் போகும் இடத்துக்குக் கருவி போக முடியாத சங்கடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று எனக்குப் படுகிறது.

வீணையின் விடை

வீணை வளைவை விட்டுவிட்டு நீண்ட தண்டியைப் பிடித்தது. வாசிக்கும் தந்திகள் நான்குதான். பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. சுரத்தை உண்டாக்குவது மெட்டுகள். ஓர் எண்மத்துக்கு 12 வீதம் இரண்டு எண்மத்துக்கு 24 மெட்டுகள். இந்த அமைப்பை நிலைப்படுத்தியது 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் என்பது மரபு.

கிற்றார்க்காரர் கேட்ட கேள்விகளுக்கு இப்போது வருகிறேன். தண்டி அகலமாக இருப்பது, தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுப்பதற்கு. இழுத்தால் இறுக்கம் கூடி சுரம் ஏறும்; கமகம் பிறக்கும். மெட்டுகள் மெழுகு வரம்புகளின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியும் விரலும் மரத்தில் முட்டுவதில்லை. அந்த மெழுகு, தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துச் செய்தது. காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் இம்மியளவு நகர்த்திச் சுரத்தானத்தில் இருத்துவார்கள். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பெயர். மரம் காலத்தோடு சற்று அசையும், தந்தி மாறும். அப்போது மெழுகை இளக்கித் திரும்பவும் கட்டலாம். மரத்தில் பதித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். வெயிலில் இளகுவது மெழுகின் குறை என்று நினைத்தேன். இளகுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

குடம் பலா மரத்தைக் குடைந்து செய்வது. பலா இலேசானது, ஓசையை நன்றாகக் கொடுப்பது, தஞ்சைப் பக்கத்தில் கிடைப்பது. குதிரையின் மேல் சற்றே வளைந்த உலோகத் தகடு இருக்கும். தந்தி அதை உரசியபடி அதிர்வதால் அந்த நீண்ட கார்வை வருகிறது. சுரைக்காய்க்கு இன்று ஓசையில் பெரிய பங்கு இல்லை. சம்மணமிட்டு இருப்பவரின் இடத்தொடையில் தண்டியைத் தாங்குவதே அதன் வேலை. யாளி முகத்துக்கோ ஓசையில் வேலையே இல்லை. அது செய்தவரின் ஆசை. எல்லாவற்றுக்கும் காரணம் தேடக்கூடாது அல்லவா?

வயலின் வந்தபோது நம்மவர்கள் வேறு வழியில் போனார்கள். அதன் இடை ஒடுங்கியது, ஓரத்துத் தந்திகளில் வில் போடும்போது உடலில் இடிக்காமல் இருக்க. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கர்நாடக இசைக்கு எடுத்தார். நம்மவர்கள் கருவியின் உடலை மாற்றவில்லை, இருப்பை மாற்றினார்கள். தரையில் அமர்ந்து வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றியதும், அதைத் தாங்கும் பொறுப்பில் இருந்து இடக்கை விடுபட்டு, கமகத்துக்குத் தாராளமாக வழுக்கியது.

நாம் இழந்ததும் மீட்டதும்

யாழ்ப்பாணம் என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கருவியில் ஒன்றுகூட நம்மிடம் மிஞ்சவில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், அறிவியலும் கணிதமும் படித்தவர், பாட்டுகளில் கிடந்த உவமைகளையும் உரைகளையும் வைத்தே அதன் அமைப்பையும் சுரக்கணக்கையும் தேடினார். அவரது 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழைத் திரும்பச் செய்து வாசிக்கவும் வைத்திருக்கிறார்.

கருவியை உடைத்தால்தான் அழியும் என்றில்லை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல ஆளில்லாமற் போனாலும் போதும். அன்று நான் தலையை ஆட்டியிருந்தால் எங்கள் வீட்டு வீணையும் கம்பிகட்டிய ஒரு மரப்பெட்டி ஆகியிருக்கும்.

மெட்டுகளைப் பின்னர் இங்கு வந்த வீணை ஆசிரியை ஒருவர் எங்கள் குசினி மேசையில் வைத்தே கட்டித் தந்தார். கிற்றார்க்காரரும் வந்து அரை நாள் பக்கத்தில் நின்று பார்த்தார். போகும்போது கொஞ்சம் மெழுகு கேட்டு வாங்கிப் போனார்.

உங்கள் வீடுகளிலும் வீணையோ தம்புராவோ இருந்தால் காரில் விடாதீர்கள். ஹீற்றருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பிள்ளைகள் "இது ஏன் இப்படி?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.