சீருடையும் நாற்காலியும் - 11: ஒரே மருத்துவமனையில் மூன்று செனட்டர்கள்

சென்ற வாரம் ஐசனோவரோடு நிறுத்தினோம். அமெரிக்க அரசியல் சாசனம் ஜனாதிபதியிடம் வயதையும் பிறப்பையும் வசிப்பையும் தவிர வேறு எதையும் கேட்கவில்லை, இருந்தும் மக்கள் தளபதிகளைத் தேடிப்பிடித்து உட்காரவைத்தார்கள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம், பாதுகாப்பு அமைச்சர் பதவி பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது அது.

மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்று ஒரு ஊர். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவின் மேல் கெல்லாக் என்று போட்டிருக்கிறதே, அந்தக் கெல்லாக் குடும்பத்தின் ஊர். அண்ணன் ஜான் ஹார்வி கெல்லாக் டாக்டர். அங்கே ஒரு பெரிய ஆரோக்கிய நிலையம் நடத்தினார். இறைச்சி கூடாது, மது கூடாது, காப்பி கூடாது என்பது அவருடைய வைத்தியம். பணக்காரர்கள் வரிசையில் நின்று வந்து தங்கினார்கள். நோயாளிகளுக்காகச் செய்து பார்த்த தானிய அவலைத் தம்பி பெரிய வியாபாரமாக்கியது தனிக் கதை. நமக்கு வேண்டியது, 1942-இல் ராணுவம் அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கி, போரில் கைகால் இழந்தவர்களுக்கான மருத்துவமனையாக மாற்றியது. பெர்சி ஜோன்ஸ் ராணுவ மருத்துவமனை என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே சிகிச்சை பெற்றவர்களில் மூன்று பேர் பின்னாளில் அமெரிக்க செனட்டுக்குப் போனார்கள். ஃபிலிப் ஹார்ட், பாப் டோல், டேனியல் இனோவே. முதலாமவர் மிச்சிகனின் ஜனநாயகக் கட்சிக்காரர், அடுத்தவர் கான்சாஸின் குடியரசுக் கட்சிக்காரர், மூன்றாமவர் ஹவாயின் ஜனநாயகக் கட்சிக்காரர். போரில் மூவரின் வலது கையும் பாதிக்கப்பட்டது. 2003-இல் அந்தக் கட்டடத்துக்கு மூவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்.

போர்ச் சேவை அரசியல் பதவிக்குத் தகுதியா என்ற கேள்வியை இந்தத் தொடரில் இதுவரை ஜனாதிபதிகளை வைத்தே கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த மூவரை வைத்துக் கேட்டுப் பார்த்தால் பதில் வேறாக வருகிறது.

டோல் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய, உயரமான, திடகாத்திரமான இளைஞர். 1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலி மலைப்பகுதியில், அடிபட்டு விழுந்த தன் பிரிவின் ரேடியோ இயக்கும் வீரரை இழுத்து வரப் போனபோது தோளிலும் முதுகிலும் குண்டுபட்டது. உடனிருந்தவர்கள் மார்ஃபீன் ஊசி போட்டு, இன்னொருவர் தெரியாமல் இரண்டாவது ஊசி போட்டுக் கொன்றுவிடக் கூடாதே என்று, அவருடைய ரத்தத்தைத் தொட்டே நெற்றியில் எம் என்ற எழுத்தை எழுதிவைத்தார்கள். 88 கிலோ இருந்த உடம்பு 55 கிலோவுக்கு வந்தது. ஒரு சிறுநீரகம் போனது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைகளில் கிடந்தார். சொந்த ஊரான ரஸ்ஸலில் மருந்துக் கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்து மக்கள் காசு சேர்த்தார்கள். சிகாகோவில் கெலிக்கியன் என்ற ஆர்மீனிய அகதி டாக்டர் ஏழு முறை அறுவை செய்தார். ஒரு காசு வாங்கவில்லை. வலது கை கடைசிவரை முழுதாக மீளவில்லை. யாரும் பழக்கதோஷத்தில் பிடித்துக் குலுக்கிவிடாமல் இருக்க அந்தக் கையில் எப்போதும் ஒரு பேனாவை வைத்திருப்பார்.

டோலுக்கு அடிபட்டு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, அதே இத்தாலியில் இனோவே. வயிற்றில் ஏற்கெனவே குண்டு பாய்ந்திருந்தது. எதிரியின் இயந்திரத் துப்பாக்கி மேட்டை நோக்கிக் கையெறி குண்டை வீசக் கை ஓங்கியபோது வலது முழங்கையை எதிரியின் குண்டு பிளந்தது. தொங்கிக்கொண்டிருந்த கையின் முஷ்டிக்குள் தன் குண்டு இன்னும் வெடிக்காமல் இருந்தது. உதவிக்கு ஓடிவந்த தன் ஆட்களைக் கிட்டே வராதே என்று கத்தி நிறுத்திவிட்டு, இடது கையால் அதைப் பிடுங்கி வீசினார். பிறகு அந்தக் கை எடுக்கப்பட்டது. அவருக்கு வயது இருபது. அறுவை மருத்துவராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர்.

ஹார்ட் இவர்களைவிட மூத்தவர், வக்கீல். 1944 ஜூன் 6 நார்மண்டி இறக்கத்தில் அடிபட்டவர். மற்ற இருவர் அளவுக்கு முடங்கிப்போகாததால், எழ முடியாதவர்களுக்கு வேண்டியதை ஓடியாடிச் செய்துகொடுத்தார்.

டோலும் இனோவேயும் மருத்துவமனையில் பிரிட்ஜ் சீட்டாடினார்கள். இனி என்ன செய்யப்போகிறாய் என்று இனோவே கேட்டதற்கு, சட்டம் படிப்பேன், மாநிலச் சட்டசபைக்குப் போவேன், அப்புறம் காங்கிரஸ் என்று டோல் திட்டம் சொன்னார். டாக்டராக முடியாது என்று தெரிந்துபோன இனோவே அந்தத் திட்டத்தைத் தனதாக்கிக்கொண்டார். டோலுக்கு முன்னால் போயும் சேர்ந்தார். ஹவாய் மாநிலமான 1959 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் அதன் முதல் உறுப்பினர் அவர்தான். டோல் 1961-இல் வந்தார்.

இனோவேயின் பதவியேற்பு நாளில் நடந்ததை லியோ ஓ'பிரையன் என்ற உறுப்பினர் பிறகு சபைக் குறிப்பில் பதிவு செய்துவைத்தார். சபாநாயகர் சாம் ரேபர்ன், வலது கையை உயர்த்தி நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார், எல்லோரிடமும் சொல்வதைப் போல. இளம் உறுப்பினர் இடது கையை உயர்த்தினார். சபை ஒரு கணம் திகைத்து, பிறகு புரிந்துகொண்டது.

இந்தக் காட்சியைச் சொல்லி, பார்த்தீர்களா, போர்க்களமே தகுதி என்று முடிப்பது சுலபம். நான் அப்படி முடிக்க மாட்டேன். அந்தக் கை எப்படிப் போர்க்களத்துக்குப் போக நேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது இனோவே பதினேழு வயதுப் பையன். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிக்காரராக அன்றே ஓடினார். சில மாதங்களில் அரசு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர்களைப் பட்டாளத்துக்கு ஆகாத அந்நியர் பட்டியலில் தள்ளியது. பிறந்தது ஹவாய், பள்ளிக்கூடம் ஹவாய், குடியுரிமை அமெரிக்கா. ஆனாலும் துப்பாக்கி தூக்கும் உரிமை கிடையாது. 1943-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அவர்களுக்கென்று தனியாக 442-வது படைப்பிரிவு. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு இனோவே சேர்ந்தார்.

சேவையைத் தகுதி என்று வைத்தால், யாரைச் சேவை செய்ய விடுவது என்று தீர்மானிக்கிறவரின் கையில்தான் தகுதியும் இருக்கிறது. கறுப்பின வீரர்களைத் தனிப்பிரிவுகளில் ஒதுக்குவதை நிறுத்த 1948-இல் ட்ரூமனின் உத்தரவு வர வேண்டியிருந்தது. பெண்களுக்கு நேரடிப் போர்ப் பணிகள் முழுமையாகத் திறந்தது இந்த நூற்றாண்டில். வியட்நாம் காலத்தில் கல்லூரியில் இடமிருந்தவன் அழைப்பைத் தள்ளிப்போட முடிந்தது. வேலைக்குப் போன ஏழை வீட்டுப் பையனால் முடியவில்லை. நேர்முகத் தேர்வுக்கே அழைக்காதவனிடம் அனுபவச் சான்றிதழ் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சான்றிதழ் யாருக்கு உண்மையில் தேவைப்பட்டது என்பதையும் ஹவாயே காட்டுகிறது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆதரவோடு குடியரசுக் கட்சி பல பத்தாண்டுகள் அந்தத் தீவுகளை ஆண்டுவந்தது. 442-இல் இருந்து திரும்பியவர்கள் போர்வீரர்களுக்கான அரசு உதவியில் சட்டம் படித்தார்கள். 1954 தேர்தலில் அவர்கள் முன்னின்ற ஜனநாயகக் கட்சி சட்டசபையைக் கைப்பற்றியது. இனோவே அந்த அலையில் வந்தவர். தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்களாக நின்று வாக்குக் கேட்டபோது, நீ அமெரிக்கனா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. கான்சாஸ் வெள்ளைக்காரரான டோலை யாரும் எந்தக் காலத்திலும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவருக்குப் போர் ஒரு பெருமை. இனோவேக்கு அது அனுமதிச் சீட்டு.

அந்தச் சீட்டும் எல்லா இடத்திலும் செல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு முடிதிருத்தகத்துக்குப் போனார். உடம்பில் ராணுவச் சீருடை, மார்பில் பதக்கப் பட்டைகள், வெற்றுச் சட்டைக்கை. ஜப்பானியனுக்கு முடி வெட்டமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். 1973-இல், அவர் செனட்டராகிப் பத்தாண்டுகள் ஆன பிறகு, வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழுவில் இருந்தபோது, சாட்சிகளின் வக்கீல் ஒருவர் நிருபர்களிடம் அவரைக் குள்ள ஜப்பானியன் என்று வசைச்சொல்லால் குறிப்பிட்டார்.

இது பழைய காலத்தோடு போய்விடவில்லை. டாமி டக்வொர்த் ஈராக்கில் 2004-இல் ஹெலிகாப்டர் ஓட்டும்போது இரண்டு கால்களையும் இழந்தவர். அம்மா தாய்லாந்து வம்சம். அப்பா வழியில் அமெரிக்கச் சுதந்திரப் போர்வரை போகிற ராணுவக் குடும்பம். 2016-இல் இல்லினாய் செனட் விவாதத்தில் அவர் அதைச் சொன்னபோது எதிர் வேட்பாளர் மார்க் கிர்க், உங்கள் பெற்றோர் தாய்லாந்திலிருந்து வந்து ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சேவை செய்ததை மறந்துவிட்டேன் என்றார். கிர்க்கும் கடற்படை ரிசர்வ் அதிகாரி. 2010-இல் தன் ராணுவ விருதைப் பற்றி உண்மையல்லாததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டவர். இல்லினாய் மக்கள் டக்வொர்த்தைத்தான் அனுப்பினார்கள்.

போர் கண்டவர்கள் ஆட்சியில் இருந்தால் போருக்கு அவசரப்பட மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் நம்பவில்லை. போர்வீரர்கள் நிறைந்திருந்த 1964-ஆம் ஆண்டுக் காங்கிரஸ்தான் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை நிறைவேற்றி வியட்நாமுக்கு வழிதிறந்தது. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். பிரதிநிதிகள் சபையில் ஒருவரும் இல்லை. காயம் நிதானத்தைத் தரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1976-இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக விவாத மேடையில் நின்ற டோல், இந்த நூற்றாண்டின் போர்களையெல்லாம் ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்றார். அவற்றில் இறந்தும் காயம்பட்டும் போனவர்கள் 16 லட்சம், டெட்ராய்ட் நகரையே நிரப்பலாம் என்றார். அவரோடு மருத்துவமனையில் கிடந்த இருவரும் அந்தக் கட்சிக்காரர்கள். ஹார்ட் அப்போது புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். அந்த டிசம்பரில் காலமானார். டோலின் வாழ்க்கையில் என்னால் ஏற்க முடியாத தருணம் அதுதான்.

அதே டோலிடம் நான் மதிப்பது போர்க்களத்திலிருந்து வந்ததல்ல, மருத்துவமனையிலிருந்து வந்தது. 1969 ஏப்ரல் 14, தனக்கு அடிபட்ட அதே தேதியில், செனட்டில் முதல் உரை நிகழ்த்தினார். பொருள், மாற்றுத்திறனாளிகள். 1990-இல் அவர்களுக்கான உரிமைச் சட்டம் வந்தபோது முன்னின்று ஆதரித்தார். அதே ஆண்டு ஆர்மீனிய இனப்படுகொலையை நினைவுகூரும் தீர்மானத்துக்காகச் சொந்தக் கட்சியின் ஜனாதிபதியை எதிர்த்துப் போராடித் தோற்றார். ஏழு முறை காசு வாங்காமல் கத்தி பிடித்த டாக்டரை அவர் மறக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட அடுத்தவர் கையை எதிர்பார்த்த மூன்று ஆண்டுகள் அவரை வார்த்தன.

இனோவே 1987-இல், அரசின் ரகசிய ஆயுத விற்பனையை ஆராய்ந்த ஈரான்-கான்ட்ரா விசாரணைக் குழுவின் தலைவர். எதிரே சாட்சி ஆலிவர் நார்த், மரைன் லெஃப்டினன்ட் கர்னல், முழுச் சீருடையில், மார்பு நிறையப் பதக்கங்களோடு. நாடே தொலைக்காட்சியில் அந்தச் சீருடையில் மயங்கியிருந்தது. இனோவே சாதாரணக் கோட்டில் இருந்தார். ராணுவ வீரன் சட்டப்படியான உத்தரவுக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும், சட்டவிரோத உத்தரவை மறுப்பது அவன் கடமை என்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க்கைச் சுட்டி நினைவூட்டினார். நார்த்தின் வக்கீல் குறுக்கே பாய்ந்து ஆட்சேபித்தார். சேவை பெரிதா, சாசனம் பெரிதா என்பதை இவ்வளவு நேராகக் கேட்ட இன்னொரு காட்சியை இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் நான் பார்க்கவில்லை. இனோவேக்கு நாட்டின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வந்தது 2000-இல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக.

வாக்காளர்கள் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் ஓட்டுப் போடுகிறார்களா? 1992-இல் உலகப் போர் விமானி புஷ், ராணுவத்தில் சேராத கிளின்டனிடம் தோற்றார். 1996-இல் டோல் அதே கிளின்டனிடம். 2004-இல் வியட்நாமில் பதக்கம் வாங்கிய கெர்ரி, உள்நாட்டு தேசியக் காவல் படையில் இருந்த இளைய புஷ்ஷிடம். 2008-இல் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்த மெக்கெய்ன், ஒபாமாவிடம். 1970-களின் தொடக்கத்தில் காங்கிரஸ் உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர்கள். இன்று ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. கட்டாய ராணுவ சேவை 1973-இல் முடிந்துபோனதுதான் முக்கியக் காரணம்.

1947-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவுக்கும் எதிர்த்திசையில் ஓடுகிறது என்பதால் அதை அவசரமாகச் சொல்லி முடிக்க மனமில்லை. பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு, பத்தாண்டுகளுக்குள் ராணுவத்தை விட்டு வந்த அதிகாரி வரவே கூடாது என்றது அது. சேவையே தடையானது. 2008-இல் பத்தை ஏழாக்கினார்கள். மார்ஷல், மேட்டிஸ், ஆஸ்டின் என்று மூன்று முறை காங்கிரஸ் விலக்குத் தந்திருக்கிறது. முதல் விலக்கு 1950-இல், கொரியப் போர் நடந்துகொண்டிருக்கும்போது. மார்ஷலுக்கு அதை ஏன் கொடுத்தார்கள், கொடுக்கும்போதே இதை முன்னுதாரணமாக்காதீர்கள் என்று ஏன் எழுதிவைத்தார்கள் என்பது அடுத்த வாரம்.