கர்ப்பகால நீரிழிவும் ஊரடங்குக்காலத் தனிமையும்

2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, கர்ப்பகால நீரிழிவு இருப்பதாக அறிந்திருந்த பெண்கள் இரட்டிப்பான அச்சத்திற்கு உள்ளாகினர். நீரிழிவு உடையோரைக் கொவிட்-19 கடுமையாகத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை ஒருபுறம். கிளினிக்குக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்ற கேள்வி மறுபுறம்.

எனினும், அச்சத்திலும் பார்க்க ஆழமாகப் புண்படுத்துவது குற்றவுணர்வே. இனிப்பை அதிகம் உண்டதால் வந்த வினை என்று அயலார் சொல்வதும், தாய் தன்னைத்தானே நொந்துகொள்வதும் நம்மிடையே வழமை. உண்மை வேறு. சூல்வித்தகம் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் செயற்பாட்டை மந்தப்படுத்துகின்றன. எல்லாக் கர்ப்பவதிகளிடத்தும் நிகழ்வதே இது. சதையி மேலதிக இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்ய இயலாதபோதே குருதியில் குளுக்கோசு உயர்கிறது. பரம்பரை, வயது, உடற்பருமன் என்பனவும் இதற்கு வழிகோலுகின்றன. இந்த ஓமோன்களின் தாக்கம் மேலோங்குவதனாலேயே 24 தொடக்கம் 28 வாரங்களுக்கு இடையில் 75 கிராம் குளுக்கோசைப் பருகவைத்துப் பரிசோதிக்கின்றனர். உணவுக் கட்டுப்பாட்டையும் மீறி இன்சுலின் ஊசி தேவைப்பட்டால் அது தாயின் தோல்வியன்று.

பெருந்தொற்று செய்த கொடுமை, ஆறுதல் கிடைக்கும் வழிகளை அடைத்தமையாகும். கிளினிக் வாங்கில் அருகே அமர்ந்து தனக்கும் அப்படித்தான் என்று சொல்ல இன்னொரு தாய் இல்லை. தாய்வீடு வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கு செல்லவும் வழியில்லை. பல வீடுகளில் எஞ்சியிருந்ததோ அரிசியும் கோதுமை மாவும் பருப்பும். மரக்கறி கிடைக்காத நாளில் குருதிச் சீனி உயர்ந்தால் அவளைக் கடிந்து பயனென்ன? (குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்பதும் தவறான நம்பிக்கையே, அதுவும் மாப்பொருள்தான்.)

இத்தகைய வேளையில் குடும்பநல உத்தியோகத்தரின் ஒரு தொலைபேசி அழைப்பு மருந்துக்கு நிகரானது. குளுக்கோமீற்றரில் தெரியும் எண்ணைப் பரீட்சைப் புள்ளியாகக் கருதாது, அடுத்தவேளை உணவைத் தீர்மானிக்கும் தகவலாகக் கொள்ளப் பழகவேண்டும். அதனைக் கணவர் குறித்துவைப்பதும், வீட்டார் அனைவரும் அதே உணவை உண்பதும் அவளது தனிமையைக் குறைக்கும். உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் நாட்டமின்மை என்பன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனை வைத்தியரிடம் தயங்காது கூறவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துடனும் பேசலாம்.

பெரும்பாலானோருக்குப் பிரசவத்தின் பின் குருதிச் சீனி வழமைக்குத் திரும்பிவிடும். ஆயினும், பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். பிரசவித்து ஆறு வாரங்களின் பின் செய்யவேண்டிய பரிசோதனையைத் தொற்றுக்காலத்தில் தவறவிட்ட தாய்மார் இப்போதாவது அதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.