தவக்காலத்தில் எதைக் கூட்டுவது?

“தவக்காலம் வந்தாச்சு, இனி நாற்பது நாளைக்கு வீட்டில் கறி கிடையாது” என்று கிறிஸ்தவ நண்பர் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் டீயை விடுவார்கள், சிலர் சினிமாவை. இதையெல்லாம் பார்த்து, எதையாவது விடுவதுதான் தவக்காலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு.

முதல் நாளிலிருந்தே பார்ப்போம். அது திருநீற்றுப் புதன், சி.எஸ்.ஐ. சபையார் சாம்பல் புதன் என்பார்கள். போன வருஷம் குருத்து ஞாயிறன்று வாங்கிவந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிய ஓலைச் சிலுவை, இதற்குள் பழுப்பேறி மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஓலைகளைக் கோயிலில் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுகிறார்கள். அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 வரும். ஞாயிறு 6 போக 40. ஞாயிறு ஒவ்வொன்றும் இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் நாள், அதனால் அது நோன்புக் கணக்கில் சேராது.

இந்த நாற்பதில் கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தி இருக்கச் சொல்வது எத்தனை நாள் தெரியுமா? திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி, இரண்டே நாள். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் வயிறார உண்பது. அதுவும் 18 வயதிலிருந்து 59 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான். திருநீற்றுப் புதனன்றும் வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி இல்லாத சாப்பாடு. மற்றதெல்லாம் மக்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட பக்தி. சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் தவக்காலத்தின் சாரம் என்றால் சட்டம் இவ்வளவு கொஞ்சமாகவா கேட்டிருக்கும்?

அந்தப் புதன்கிழமைப் பூசையில் மத்தேயு 6ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். தர்மம், செபம், நோன்பு என்ற வரிசையில் இயேசு பேசுகிறார். நோன்பு மூன்றாவதாக வருகிறது. நெல் காயவைக்க முற்றத்தை ஒழித்துப் பெருக்குகிறோம் அல்லவா, நோன்பு அந்த வேலை. சாப்பாட்டில் மிஞ்சிய காசு பசித்தவருக்குப் போகவேண்டும். மிஞ்சிய நேரம் செபத்துக்கு. முற்றத்தைப் பெருக்கிவிட்டு நெல்லைக் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். இரண்டு நாள் கழித்து வெள்ளியன்று வாசிக்கும் எசாயா 58 இன்னும் கறாரானது. நோன்பிருந்துகொண்டே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே, சண்டை போடுகிறீர்களே என்று கேட்கிறது.

சரி, நோன்பில் மிஞ்சும் நேரத்தில் என்ன செய்வது? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசீனோ மடத்தில் இருந்த புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் இருக்கிறது. நம் ஊரில் அவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். அந்த ஒழுங்கின் 73 அதிகாரங்களில் 49ஆவது தவக்காலம் பற்றியது. துறவியின் வாழ்வு எந்நாளும் தவக்காலம் போலத்தான் இருக்கவேண்டும், ஆனால் அவ்வளவு பலம் சிலருக்கே உண்டு என்று ஒத்துக்கொண்டே தொடங்குகிறார். அதனால் இந்த நாட்களிலாவது வழக்கமான அளவோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். தனிச்செபம், உணவிலும் பானத்திலும் கொஞ்சம் குறைப்பு என்று அவரவர் விரும்பியதை, மகிழ்ச்சியோடு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு செய்யும் தவத்துக்கு அவரிடம் இடமில்லை.

இன்னொரு நிபந்தனையும் போடுகிறார். எதைச் செய்யப்போகிறோமோ அதை மடத்துத் தலைவரிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற்றுத்தான் செய்யவேண்டும். சொல்லாமல் செய்தால் அது வீண்பெருமையில் போய்ச் சேரும். ஆர்வக்கோளாறில் தாங்கமுடியாததைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய காவல். நமக்கு ஒரு பங்குத்தந்தையோ, வீட்டில் மூத்தவரோ போதும்.

முந்தின அதிகாரத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இருக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நூலைக் கொடுப்பார்கள். அதை முதலிலிருந்து வரிசையாக, முழுவதும் படிக்கவேண்டும். பிடித்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கக் கூடாது. செபம் எப்படி என்றால், குறுகியதாகவும் தூயதாகவும் இருக்கட்டும் என்று 20ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நீளமாகச் செபிக்கத் தெரியவில்லையே என்ற கவலை நமக்கு வேண்டாம்.

நாமும் அப்படியே தொடங்கலாம். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம்தான். நாளுக்கு அரை அதிகாரம் என்றாலும் நாற்பது நாளுக்குள் முடிந்துவிடும். படித்த பகுதியில் மனத்தைத் தொட்ட ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கடவுளிடம் பேசலாம். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால், மறுநாள் இரண்டு மடங்காகப் படிக்கவேண்டியதில்லை. விட்ட வரியிலிருந்தே படிக்கலாம்.