கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்கு



தோட்டத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் லிட்டில் இந்தியாவுக்குள் நுழையாமல் திரும்புவதில்லை. மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் கடைகளில் புடவையும் மளிகையும் வாங்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தால், வங்கிகள் வரிசையாக நிற்கும் பீச் ஸ்திரீட் வந்துவிடும். பால்மரம் சீவி வளர்த்த பிள்ளைகள் பலர் இன்று வங்கிகளில் வேலை பார்க்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வயது 46. வங்கியில் 22 வருட சர்வீஸ். மாதச் சம்பளம் 4,000 வெள்ளி. ஒருநாள் அவர் கையில் ஒரு கடிதம் கிடைக்கிறது. "விருப்பப்பட்டு வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் தரப்படும்" என்று அதில் எழுதியிருக்கிறது. மொத்தம் 88,000 வெள்ளி! "இவ்வளவு பணத்தை நான் ஆயுசில் பார்த்ததில்லையே, வாங்கிக்கொண்டு வந்துவிடு கண்ணு" என்கிறார் தாய். "மாதா மாதம் பென்ஷனும் வருமா?" என்று கேட்கிறார் தகப்பனார்.

தகப்பனார் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பென்ஷன், அதாவது ஓய்வூதியம், என்பது உயிருள்ளவரை மாதா மாதம் வருகிற பணம். மலேசியாவில் அரசாங்க வேலையில் ஓய்வூதியத் தகுதியோடு இருந்தவர்களுக்கு அது உண்டு. தனியார் வங்கி ஊழியருக்குப் பொதுவாக முதுமைக்கு உள்ள ஆதாரம் ஊழியர் சேமநிதி. தோட்டத்துத் தொழிலாளிக்கும் அதே சேமநிதிதான். 1951-ஆம் ஆண்டில் அது தொடங்கியபோது தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 என்று கட்டினார்கள். இன்று 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளி நூற்றுக்கு 11 கட்டுகிறார். 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி நூற்றுக்கு 13 கட்டுகிறார்.

விட்டுப்போவதற்குத் தரும் ஈட்டுத்தொகை வேறு, சேமநிதி வேறு. ஈட்டுத்தொகை ஒரே ஒரு தடவை வருவது. அதற்குச் சேமநிதிச் சந்தா கிடையாது. சேமநிதியில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் பணம் வேலையை விட்டாலும் பறிபோகாது. அதற்கு லாப ஈவும் தொடர்ந்து சேரும். ஆனால், நினைத்தபோது முழுவதையும் எடுக்க முடியாது. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் போகிறது. 50 வயதானதும் நல்வாழ்வுக் கணக்கில் உள்ளதை எடுக்கலாம். முழுப் பணத்துக்கும் 55 வயது ஆகவேண்டும்.

இப்போது நம் குடும்பத்தின் கணக்கைப் போடுவோம். 46-இலிருந்து 55 வரை 9 வருடம், அதாவது 108 மாதம். 88,000 வெள்ளியை 108 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 815 வெள்ளி. இதுவரை வீட்டுக்கு 4,000 வெள்ளிச் சம்பளம் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர் வேலையில் நீடித்தால் மாதாமாதம் அவர் பங்கு 440, வங்கியின் பங்கு 520, ஆக 960 வெள்ளி சேமநிதியில் விழும். சம்பளம் ஒரு வெள்ளிகூட உயரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 9 வருடத்தில் அது 1,03,680 வெள்ளி. லாப ஈவு இதில் சேரவில்லை. வங்கியின் பங்கு மட்டுமே 56,160 வெள்ளி. கையில் வரும் 88,000 நம் கண்ணுக்குத் தெரிகிறது. வராமல் போகிற பணம் எந்தக் கடிதத்திலும் எழுதப்படுவதில்லை. அதை நாம்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

மாத ஓய்வூதியம் உள்ள இடத்தில் இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதையும் பார்ப்போம். பினாங்குக்கும் இந்திய வங்கிகளுக்கும் பழைய உறவு உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய ஊர்களில் தொடங்கியதும், அடுத்துக் கிளை திறந்தது பினாங்கில்தான். இந்தியாவின் அரசுடைமை வங்கிகளில் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி 20 வருட சர்வீஸ் முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தாமாகவே ஓய்வு பெறலாம். ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது, அவர் பார்த்த சர்வீசோடு 5 வருடம் வரை கூட்டிக்கொள்ளவும் விதி இடம் தந்தது. கூட்டிய பிறகு சர்வீஸ் 33 வருடத்தைத் தாண்டக்கூடாது. ஓய்வு வயதையும் தாண்டக்கூடாது. 2010 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் திட்டம் வேறு.

அந்த ஐந்து வருடத்தின் மதிப்பு என்ன? சராசரிச் சம்பளம் 9,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 33 வருட சர்வீசுக்கு அதில் பாதி, அதாவது 4,950 ரூபாய், அடிப்படை ஓய்வூதியம். வருடத்துக்கு 150 ரூபாய் வீதம் ஆகிறது. 24 வருடம் பார்த்தவருக்கு 3,600 ரூபாய். ஐந்து வருடம் கூட்டினால் 4,350 ரூபாய். மாதம் 750 ரூபாய் வித்தியாசம், அதுவும் ஆயுள் முழுவதும்.

2000-ஆம் ஆண்டில் அந்த வங்கிகள் ஆட்களைக் குறைக்க ஒரு விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. "1995 விதிகளின்படி ஓய்வூதியம் உண்டு" என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தது. ஆட்கள் போன பிறகு, "இது தனித் திட்டம்; அந்த ஐந்து வருடம் இதற்குக் கிடையாது" என்று வங்கிகள் மறுத்தன. ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2009 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. திட்டத்தை எழுதியவர்கள் வங்கிகள். எழுத்தில் தெளிவில்லை என்றால் அதன் விளைவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். வாயால் சொன்னதை நம்பிப் போயிருந்தால் அந்த ஊழியர்களுக்கு எதுவும் கிடைத்திராது. அவர்களைக் காப்பாற்றியது தாளில் இருந்த ஒரு வரி.

ஆகவே, நம் வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். விருப்பத் திட்டம் என்றால் மறுக்கவும் உரிமை உண்டு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60; அதற்கு முன் வயதைக் காட்டி ஒருவரை ஓய்வில் அனுப்ப முடியாது.

இரண்டாவது, கடிதத்தைத் தேசிய வங்கி ஊழியர் சங்கத்திடம் காட்டிக் கேளுங்கள். வீட்டுக் கடனுக்கு வங்கி தந்துவந்த சலுகை வட்டி என்ன ஆகும், மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, வேலை இழப்பு ஈடாகக் கருதப்படும் தொகையில், முழுதாக முடித்த ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 10,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு. விலக்குக் கிடைக்குமா என்று வருமான வரி இலாகாவில் விசாரியுங்கள்.

நான்காவது, இத்தகைய திட்டத்தில் வேலையை விட்டவரும் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சும்மா ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இது கிடையாது. ஆகவே கடிதத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடல் முடியாதவர் இருப்பார். வேறு நல்ல வேலை கிடைத்தவர் இருப்பார். அவர்களுக்கு அந்தத் தொகை நல்ல துணையாகலாம். விட்ட பிறகும் சேமநிதியில் சொந்தமாகப் பணம் கட்டி வரலாம்.

அன்று தோட்டத்தில் கிராணி காட்டிய இடத்தில் நம் பெரியவர்கள் கைநாட்டு வைத்தார்கள்; படிக்க அவர்களுக்கு வழியில்லை. இன்று நம் வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் வருவதை ஒரு பக்கமும் போவதை மறு பக்கமும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.