வாத்து வந்தால் கோழிக்கு ஆகாதா?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எங்க ஊட்டுல கூஸ் வாத்து ரெண்டு வாங்கியாந்தாங்க. அது வந்த ஒரு மாசத்துல அம்மா வளத்த கோழிக்குஞ்சு பதினாலும் செத்துப்போச்சு. வாத்து வந்தா கோழிக்கு ஆகாதுன்னு ஆயா சொல்லுது. நெஜமா டீச்சர்?"

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இந்த வீடுகள் புதிதல்ல. நோட்டு, பேனா, திருவிழாவுக்குப் புதுத்துணி என்று அம்மாக்கள் கையில் புழங்கும் காசில் ஒரு பங்கு முட்டையும் சேவலும் விற்று வருவது. பதினான்கு குஞ்சு போனது அந்த வீட்டுக்குச் சின்ன இழப்பு இல்லை. "அதெல்லாம் மூடநம்பிக்கை, உட்கார்" என்று சொல்லியிருந்தால் பாடம் அன்றே முடிந்திருக்கும். ஆயா கண்ணால் கண்டது உண்மை. வாத்து வந்தது, குஞ்சு செத்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

எந்த வாத்து?

நம் பக்கம் வாத்து என்ற ஒரே சொல் பல பறவைகளுக்கு வழங்குகிறது. அறுவடை முடிந்த வயலில் கூட்டமாக மேய்வது நாட்டு வாத்து. முகத்தில் சிவப்புச் சதையோடு இருப்பது மணிலா வாத்து. நீண்ட கழுத்தும், பெரும்பாலும் அலகின் அடியில் ஒரு புடைப்பும் கொண்டு, ஆள் வந்தால் ஊரே கேட்கக் கத்துவது கூஸ் வாத்து. மற்ற வாத்துகள் புழு, நத்தை, தானியம் என்று தேடும். கூஸ் முக்கியமாகப் புல் தின்னும் பறவை. அதனால் தீவனச் செலவு குறைவு. அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும் என்பதால் காவலுக்கென்றே பலர் வாங்குகிறார்கள்.

குஞ்சுகளைக் கொன்றது எது?

அந்த மாணவியிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டு முற்றத்தை வரைந்து, தண்ணீர்த் தொட்டி எங்கே, கூண்டு எங்கே, குஞ்சுகள் எங்கே மேய்கின்றன என்று குறித்து வரச் சொன்னேன். எச்சம் எப்படி இருந்தது என்றும் எழுதச் சொன்னேன்.

படம் வந்தது. முற்றத்தின் நடுவில் தொட்டி. கூஸ் இரண்டும் அதில்தான் குடித்தன, குளித்தன. சுற்றிலும் எந்நேரமும் சேறு. அந்தச் சேற்றிலேயே குஞ்சுகள் கிளறித் தின்றன. எச்சம் பற்றி ஒரே வரி: "செவப்பா இருந்துச்சு." இன்னொரு தாய்க்கோழியின் குஞ்சுகளும் அப்போது இறகைத் தொங்கவிட்டு ஒடுங்கத் தொடங்கியிருந்தன. அவற்றை அம்மா கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். மருத்துவர் பார்த்துவிட்டு இரத்தக்கழிச்சல் என்றார்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்குவது காக்சிடியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. கோழியின் காக்சிடியா கோழியை மட்டுமே தாக்கும். கூஸிடமிருந்து அது வராது. வளர்ந்த கோழிகளின் குடலில் சிறிய அளவில் இருந்து, எச்சத்தோடு வெளியே வரும். வந்தவுடன் அதற்கு நோய் உண்டாக்கும் திறன் கிடையாது. கதகதப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து அந்தத் திறனைப் பெறும். காய்ந்த தரையில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

ஆக, ஒட்டுண்ணி கோழிகளிடம் முன்பே இருந்தது. கூஸ் கொண்டுவந்தது ஈரத்தை. எதிர்ப்பாற்றல் இன்னும் வளராத, சில வாரமே ஆன குஞ்சுகள் அந்தச் சேற்றில் மேய்ந்தன. ஆயா சொன்னதில் பாதி சரி என்று வகுப்பில் சொன்னபோது அந்த மாணவியின் முகம் மலர்ந்தது.

வாத்தைச் சந்தேகிக்க வேண்டிய இடம்

எல்லா நோயிலும் கூஸ் நிரபராதி என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகள் கழுத்தைத் திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பெரும்பகுதி மடிந்துவிடும். இந்த வைரஸ் கூஸின் உடலில் புகுந்தாலும் பல நேரங்களில் அறிகுறி தெரியாது. சந்தையில் கொழுகொழுவென்று நிற்கும் பறவை வீட்டுக் கோழிகளுக்கு நோயைக் கொண்டுவரலாம்.

பறவைக் காய்ச்சலும் அப்படித்தான். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் எச்5என்1 வைரஸின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு கூஸ் ஒன்றிடம் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் பகுதிக் கோழிப் பண்ணைகளில் உறுதிசெய்யப்பட்டது. நீர்ப்பறவைகள் இந்த வைரஸைச் சுமந்து செல்லக்கூடியவை.

நம் மாவட்டத்தில் இதை நினைவில் வைக்கக் காரணம் உண்டு. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம் அது. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, விரட்டவும் கூடாது. ஏரிக்கரையை ஒட்டிய வீடுகளில் கூஸையும் வாத்தையும் ஏரியில் மேயவிட்டு, மாலையில் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைப்பதுதான் ஆபத்து. காட்டுப் பறவைகளின் முட்டையையோ குஞ்சையோ எடுத்துவந்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். காரணம் தெரியாமல் பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தருவதே சரி.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு

திண்டிவனம் மணிலாப் பயிருக்குப் பேர்போன ஊர். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இங்கு உண்டு. எனவே மணிலாப் பிண்ணாக்கு எளிதாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஈரம்பட்டு அதில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உருவாகலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் புரியாமல் அதை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று அழைத்தார்கள். தேடிப்போனபோது, தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த மணிலாப் பிண்ணாக்கில் போய் நின்றது. இந்த நச்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. "கோழி தின்னுது, ஒண்ணும் ஆகல" என்பதை நம்பி அதே பிண்ணாக்கை வாத்துக்குஞ்சுக்கோ கூஸ் குஞ்சுக்கோ வைக்கக் கூடாது.

கூஸ் குஞ்சுகளுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சுகளைவிடக் கூடுதலாகத் தேவை. கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டுமே தின்று வளர்ந்தால் கால் வளைந்து நடக்கத் திணறலாம். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்து கலந்த கோழித் தீவனத்தையும் அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

அடையில் ஒரு கணக்கு

கோழி முட்டை பொரிக்க 21 நாள். நாட்டு வாத்துக்கும் வான்கோழிக்கும் 28. கூஸுக்குச் சுமார் 30. மணிலா வாத்துக்கு 35. இதைக் கரும்பலகையில் எழுதி, "ஒரே கோழியின் அடியில் கோழி முட்டையும் கூஸ் முட்டையும் ஒரே நாளில் வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். 30இல் 21 போனால் 9. குஞ்சு வந்ததும் தாய்க்கோழி சில நாளில் எழுந்து போய்விடும், மீதி முட்டை குளிர்ந்து வீணாகும் என்று ஒரு மாணவனே சொன்னான். கூஸ் முட்டை சுமார் 150 கிராம் இருக்கும். ஒரு கோழி நான்கைந்துக்கு மேல் மூடாது. அவற்றை அலகால் புரட்டவும் அதற்குச் சிரமம். தினமும் நாம்தான் புரட்டிவிட வேண்டும்.

கோழி பொரித்த கூஸ் குஞ்சு கோழியையே தாயாகக் கொள்ளும். முட்டையிலிருந்து வந்ததும் கண்ணில் படுவதைப் பின்தொடரும் இந்த இயல்பைக் கூஸ் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்தவர் கொன்ராட் லோரன்ஸ். 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஒரே முற்றத்தில் வளர்க்க

வகுப்பில் பேசி நாங்கள் எழுதிய பட்டியல் இது:

1. சந்தையில் வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.
2. கூஸுக்குத் தலை முழுகும் ஆழத்தில் தண்ணீர் வேண்டும். கண்ணையும் மூக்கையும் அப்படித்தான் சுத்தம் செய்யும். அந்தத் தொட்டியில் கோழிக்குஞ்சு விழுந்தால் இறந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனித் தண்ணீர்.
3. கூஸ் தொட்டி முற்றத்தின் தாழ்வான ஓரத்தில், சுற்றிலும் மணலும் செங்கல் சல்லியும் கொட்டி.
4. கோழி பரணில் அடையும், கூஸ் தரையில் படுக்கும். ஒரே கூண்டானால் கோழி எச்சம் கூஸ் மேல் விழும். இரவில் தனி அடைப்பு.
5. கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்திலும், பின் எட்டாவது வாரத்திலும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாம்களைத் தவறவிடக் கூடாது.
6. முட்டையிடும் பருவத்தில் ஆண் கூஸ் கொத்த வரும். சின்னப் பிள்ளைகளை அருகே விடக் கூடாது.
7. பறவைகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கூடுதல் விவரம் கேட்க, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தப் பட்டியலை மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அறிவியல் வகுப்பிலோ வானவில் மன்றத்திலோ முற்றத்தின் வரைபடம், எச்சப் பதிவு, அடைகாக்கும் நாள்களின் அட்டவணை ஆகிய மூன்றையும் எந்தப் பள்ளியிலும் செலவின்றிச் செய்யலாம். வீட்டில் பறவை இல்லாத மாணவர்கள், இருப்பவர்களோடு குழுவாகச் சேரட்டும்.

அந்த வீட்டில் தொட்டி ஓரத்துக்குப் போனது. மருந்து கொடுத்த குஞ்சுகளில் ஆறு பிழைத்தன. கூஸை விற்றுவிடச் சொன்ன ஆயா இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"மொதல்ல தண்ணிய மாத்துன்னு பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்குது டீச்சர்."